வராதவர்கள் நானூற்று அறுபது பேர்

துப்பறிவாளர் சங்கிலிமுத்துவிடம் இதற்கு முன் காணாமல் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி ஒன்பது வழக்குகள் வந்திருக்கின்றன. ஆறு பேர் திருப்பூரில் இருந்தார்கள். இரண்டு பேர் மாமியார் வீட்டில் இருந்தார்கள். ஒன்பதாவது ஒரு வெள்ளாடு. அது இருந்த இடத்தைச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். ஆனால் ஒரே காட்சியில் நானூற்று அறுபது பேரைக் காணோம் என்று சொல்லி இதுவரை யாரும் அவருடைய மாடிப்படி ஏறியதில்லை.

விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பரோட்டாக் கடை மாடியில் இருந்தது அவர் அலுவலகம். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்து நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நகக்கண்ணில் வெள்ளித்தூள் மினுங்கியது.

"பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம்ல வேலை பார்த்திருக்கீக. விட்டு மூணு மாசம் இருக்கும்" என்றார் சங்கிலிமுத்து. இருபது வருஷம் பட்டாசு ஆலைகளுக்கு இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவருக்கு இது ஒன்றும் வித்தை இல்லை. இருந்தாலும் புது ஆள் வந்தால் ஒரு தடவை செய்து காட்டிவிடுவார்.

"ஆமா அண்ணாச்சி. பேரு பாண்டிச்செல்வி. இப்ப கனகமணி தியேட்டர்ல கேண்டீன் எடுத்திருக்கேன்."

"அப்படியா? வியாபாரம் எப்படிம்மா?"

"நிறைவா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாண்டிச்செல்வி அழ ஆரம்பித்தாள்.

எதிர் மேஜையில் கம்ப்யூட்டரோடு இருந்த ஓவியா எட்டிப் பார்த்தாள். பி.காம். முடித்துவிட்டு, பேங்க் வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி உதவியாளராகச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. பேங்குக்குத்தான் நல்ல காலம் என்பது சங்கிலிமுத்துவின் அபிப்பிராயம்.

"நிறைவா இருக்குன்னா எதுக்குக்கா அழுறீக?"

"கடைக்காரி வாயால விக்கலைனு சொல்லலாமா பாப்பா? கடையில இல்லைங்கிற வார்த்தையே வரக் கூடாதுல்ல. யாரு கேட்டாலும் நிறைவா இருக்குனுதேன் சொல்லணும். எங்க மாமியா சொல்லிக் குடுத்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெசத்துல ஒரு நாளைக்குப் பதினஞ்சு முறுக்கு போகுது. அதுல நாலு நானே திங்கிறது."

கதை இதுதான். கனகமணி தியேட்டரில் 'அழாதே அமுதினி' என்ற படம் ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் நானூற்று எழுபது இருக்கை. இருபத்து நான்கு நாளாக நாலு காட்சியும் ஹவுஸ்ஃபுல். வாசலில் போர்டு தொங்குகிறது. டிக்கெட் கேட்டு வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், கடைசி வரிசையில் ஏழெட்டுப் பேர் ஏசியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"மிச்சம் நானூத்தி அறுவது பேரு எங்க அண்ணாச்சி? டிக்கெட் வாங்கிட்டு வராம எங்கனதேன் போறாக?"

"வராத ஆள நெனச்சு நீங்க ஏன் அழணும்?"

"நான்தானே அவுகளுக்கும் சேத்து வாடகை குடுக்கேன்."

ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். கேண்டீனுக்குத் தினவாடகை ஆயிரம். ஹவுஸ்ஃபுல் நாள் என்றால் மூவாயிரம், ஏனென்றால் கூட்டம் அதிகம், வியாபாரம் அதிகம். அப்படிப் பார்த்தால் இருபத்து நான்கு நாளுக்குக் கூடுதல் வாடகை நாற்பத்தெட்டாயிரம். நாளை சாயங்காலத்துக்குள் கட்டவில்லை என்றால் கேண்டீன் போச்சு. கழுத்து நகையை விற்றுக் கட்டிய இரண்டு லட்சம் அட்வான்ஸும் போச்சு.

"கேண்டீன் போச்சுனா திங்கக்கிழமை நான் மறுபடியும் மருந்து ரூமுக்குப் போகணும் அண்ணாச்சி. எங்கூடச் சேந்து உக்காந்து வேலை பாத்த ரெண்டு பேரு இப்ப இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அழாமல் சொன்னாள். சங்கிலிமுத்து பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். மருந்து ரூம் எரிந்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று கணக்கெடுத்தே அவருடைய இருபது வருஷம் போயிருந்தது.

"ஓவியா, வண்டி சாவிய எடு."

"ஃபீஸ் பேசலையே சார்?"

"முறுக்கு மிஞ்சுதுனு சொன்னாகல்ல."

*

பன்னிரண்டே முக்காலுக்குக் கனகமணி தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பைக், ஒரு நாய். மேனேஜர் பாலகுரு போர்டுக்குப் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு என்ன தெரியும்? கடைசி வரிசை பத்து சீட்டுத்தான் கவுன்டர்ல குடுக்கோம். மிச்சம் அம்புட்டும் ஆன்லைன்ல போயிருது. வர்றதும் வராததும் அவுக இஷ்டம். நாங்க தினவாடகைக்குத் தியேட்டர விட்டிருக்கோம். ஆளு வந்தாலும் அதே வாடகை, வராட்டியும் அதே வாடகை."

"கேண்டீனுக்கு மட்டும் மூணு மடங்கா?" என்றாள் ஓவியா.

"ஒப்பந்தத்துல இருக்கே தாயி. போர்டு தொங்குச்சுனா ஹவுஸ்ஃபுல்."

பாலகுரு உள்ளே போனதும் சங்கிலிமுத்து குரலைத் தாழ்த்தினார். "இவன்தான். கூடுதல் வாடகைக்காக இவனே டிக்கெட் வாங்கிப் போடுறான்."

ஓவியா செல்போனில் கணக்குப் போட்டாள். "டிக்கெட் நூறு ரூபா. நானூத்தி அறுபது சீட்டு, நாலு ஷோ. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். இத செலவழிச்சு ரெண்டாயிரம் கூடுதல் வாடகை வாங்குற அளவுக்கு அவரு நல்லவராத் தெரியலையே சார்."

சங்கிலிமுத்து அந்தக் கோணத்தை அப்போதே கைவிட்டார். கைவிட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"இதப் பாருங்க சார்" என்று புக்கிங் ஆப்பைக் காட்டினாள் ஓவியா. "நாளைக்கு ஷோவும் நிறைஞ்சுருச்சு. காலையில ஒன்பது பத்துக்குத் திறந்தது, ஒன்பது பன்னெண்டுக்கு முடிஞ்சது. அதுவும் ஏ வரிசை ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சு வரிசையாப் போகுது. இந்த ஊர்ல எவன் சார் காசு குடுத்துத் திரைக்கு மூக்குக்கு நேரா உக்காருவான்? கழுத்து வலி டாக்டருக எல்லாம் சேந்து சங்கம் வச்சிருக்காகளா?"

"ஒரே ஆளு வாங்குறான். சினிமாவே பார்க்காத ஆளு" என்றார் சங்கிலிமுத்து. இது நன்றாக இருப்பதாக அவருக்கே பட்டது.

கேண்டீனில் பாண்டிச்செல்வி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் முறுக்கு அடுக்கு குலையாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. கட்டம்போட்ட சட்டை, தோளில் தொங்கும் பை, முகம் முழுக்க ரோட்டுப் புழுதி. இறங்கியவர் ஹவுஸ்ஃபுல் போர்டைப் பார்த்தார், நின்றபடியே ஒரு டீயைக் குடித்தார்.

"வியாபாரம் எப்படிம்மா?"

"நிறைவா இருக்குங்க."

அவர் பையிலிருந்து குறிப்பேடு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். ஐந்து ரூபாய் சில்லறையைக் கூட வாங்காமல் சாத்தூர்ப் பக்கம் வண்டியை விட்டார்.

"யாரு அது?"

"தெரியலை அண்ணாச்சி. தினமும் மத்தியானம் வருவாரு. ஒரு டீ, ஒரு கேள்வி, போயிருவாரு. உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டாரு."

தினத்தவணைக்குக் கடன் கொடுக்கிற ஆளாக இருக்கும், புது வாடிக்கை தேடுகிறான் என்று சங்கிலிமுத்து முடிவு கட்டினார். அவருடைய கண் ஏற்கெனவே எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. அங்கே பசை காயாத புது போஸ்டர்: 'அழாதே அமுதினி, வெற்றிகரமான 25வது நாள்'. நாயகன் ஹரிஷ்குமார் அண்ணாந்து பார்த்து அழுதுகொண்டிருந்தான். பக்கத்திலேயே முதல் நாள் ஒட்டிய பழைய போஸ்டரிலும் அவன் அழுதுகொண்டுதான் இருந்தான்.

சங்கிலிமுத்து குனிந்து இரண்டு போஸ்டரின் அடி ஓரத்தையும் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"அச்சாபீஸ் ஆர்டர் நம்பர் பாரு. பழசு நானூத்திப் பதினெட்டு. இது நானூத்திப் பத்தொன்பது. அடுத்தடுத்த நம்பர். படம் வர்றதுக்கு முன்னாடியே இருபத்தஞ்சாவது நாள் போஸ்டர அடிச்சிருக்கான். ஓடும்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஆளு எவனோ, அவன்தான் டிக்கெட்டையும் வாங்குறான்."

"சார், இந்தத் தடவை நீங்க சொல்றது சரியா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றாள் ஓவியா.

"நானும் வாறேன்" என்று பாண்டிச்செல்வி அடுப்பை அணைத்தாள். "இங்கன யாரு வரப் போறா?"

*

சிவகாசியில் விஸ்வநத்தம் போகிற ரோட்டில் இருந்தது அந்த ஆஃப்செட் அச்சகம். ஃபோர்மேன் பத்திரகாளி காதில் பென்சிலோடு வந்தார். மெஷின் சத்தத்தில் முப்பது வருஷம் கழித்தவர் என்பதால் ரகசியத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்லுவார்.

சங்கிலிமுத்து இரண்டு நம்பரையும் சொல்லி, கண்டுபிடித்ததைச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்திரகாளி சிரித்தார். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? எல்லாப் படத்துக்கும் அப்படித்தேன் அண்ணாச்சி. இது சீசனு. மெஷினுல இப்ப பட்டாசு லேபிளு, அடுத்து காலண்டரு. நடுவுல வந்து இருபத்தஞ்சாவது நாளுக்குப் போஸ்டர் அடிங்கனா எவன் அடிப்பான்? அதனால முதல் நாளுக்கு அடிக்கும்போதே வெற்றி விழாவுக்கும் சேத்து அடிச்சுருவோம்."

"படம் ஓடலைன்னா?"

"அந்தத் தாள வெடி சுத்தக் குடுத்துருவோம். போன தீவாளிக்கு நீங்க வெடிச்ச அணுகுண்டுல எத்தன பேரோட நூறாவது நாள் இருந்துச்சுனு உங்களுக்கென்ன தெரியும்?"

ஓவியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. விருதுநகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் கட்டிக்கொண்டு வந்த துப்பு, ஒரு நிமிஷத்தில் வெடிக்குச் சுற்றுகிற தாளாகிவிட்டதை சங்கிலிமுத்து உணர்ந்தார். நன்றி சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் வந்தவர், படியில் நின்றார். பத்திரகாளி சொன்ன ஒரு வார்த்தை காலில் தடுக்கியது.

திரும்பிப் போனார். "நூறாவது நாள்னு சொன்னீகளே. சாதாரணமா எத்தன அடிப்பீக?"

"இருபத்தஞ்சு, அம்பது, நூறு. மூணும். நம்பிக்கைதானே அண்ணாச்சி."

"அமுதினிக்கு?"

பத்திரகாளி ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினார். காதில் இருந்த பென்சிலை எடுத்து வரியை இரண்டு தடவை தட்டினார். "இருபத்தஞ்சு மட்டுந்தேன். நானே கேட்டேன், முதலாளி, அம்பதுக்கும் போட்டுருவமா, தாள் விலை ஏறுதுனு. வேணாம்னுட்டாரு. அவரு பையன் நடிச்ச படத்துக்கு அம்பது வேணாம்னு சொன்ன முதலாளிய இப்பத்தேன் பாக்கேன்."

"எந்த முதலாளி?"

"சங்கரலிங்கம் முதலாளி. படம் எடுத்தது அவருதானே."

வேனில் ஏறியதும் சங்கிலிமுத்து சொன்னார்: "பிள்ளை மேல பாசத்துல டிக்கெட் வாங்குற அப்பன், நூறாவது நாளுக்கும் சேத்து ஆசைப்படுவான். இவரு சரியா இருபத்தஞ்சு நாள் கேக்குறாரு, அதுக்கு மேல ஒரு நாளும் வேணாங்கிறாரு. இது பாசம் இல்ல. ஆர்டர்."

ஓவியா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாமல் இருந்தால் பாராட்டு என்று அர்த்தம். நான்கு வருஷத்தில் இது மூன்றாவது முறை.

*

சங்கரலிங்கத்துக்கு நான்கு பட்டாசு யூனிட், இரண்டு குடோன், ஒரு மகன். அலுவலகச் சுவர் முழுக்கப் பட்டாசுப் பெட்டி லேபிள்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. கோழி, மயில், தாமரைக்கு நடுவில் 'ஹரிஷ் சரவெடி' என்ற லேபிளில் மகன் அழாமல் இருந்தான்.

"வாங்க சங்கிலிமுத்து. எங்க குடோன் எரிஞ்சப்ப நஷ்டஈட்டுல பாதிய வெட்டின மனுசன மறப்பனா? உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

பாண்டிச்செல்வி நின்றுகொண்டாள். ஆறு வருஷம் அவருடைய இரண்டாம் யூனிட்டில் வேலை பார்த்தவள் என்பது அவருக்கு நினைவில்லை. இருக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

சங்கிலிமுத்து சுற்றி வளைக்காமல் கேட்டார். சங்கரலிங்கமும் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொண்டார். அதுதான் சங்கிலிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளி கொஞ்சமாவது வேர்க்க வேண்டாமா?

"நாந்தேன் வாங்குறேன். மதுரையில ரெண்டு பயலுகள வச்சு, பதினோரு தியேட்டருக்கும். டிக்கெட்டுக்குக் காசு குடுத்தேன், வரி கட்டினேன். வாங்கின டிக்கெட்டுக்குப் படம் பாக்கலைங்கிறது எந்தச் சட்டத்துல குத்தம்?"

"அஞ்சு கோடிக்கு மேல வருதே முதலாளி" என்றாள் ஓவியா.

"எங்க போகுது அது? படம் என்னது. தியேட்டர் நான் வாடகைக்கு எடுத்தது. டிக்கெட் காசு ஒரு கையில போயி மறு கையில எங்கிட்டயே வருது. வாடகை, வரி எல்லாம் சேத்து ஒண்ணேகால் கோடிதேன் நெசச் செலவு."

"வரவு?"

சங்கரலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். தொழில் சொல்லிக் கொடுக்கிற சந்தோஷம் அவர் முகத்தில் வந்துவிட்டது. சிவகாசியில் இந்தச் சந்தோஷத்துக்கு யாரும் காசு வாங்க மாட்டார்கள்.

"தாயி, சினிமாக்காரன் தியேட்டர்ல சம்பாதிக்கிறான்னு நெனக்கிறியே. அது அந்தக் காலம். இப்ப தியேட்டருங்கிறது பெட்டிக்கு மேல ஒட்டுற லேபிளு. டிவிக்கு ஒரு வெல, பாட்டுக்கு ஒரு வெல, இந்திக்கு மாத்தி விக்க ஒரு வெல, ஓடிடிக்குத்தேன் பெரிய வெல. வாங்குறவன் உள்ள மருந்து இருக்கா, நமுத்துப் போச்சானு பிரிச்சுப் பாக்க மாட்டான். லேபிளப் பாப்பான். ஓடிடிக்காரன் எங்கிட்டப் போட்ட ஒப்பந்தம் என்னங்கீக? படம் சும்மா வந்தா மூணு கோடி. பதினோரு தியேட்டர்ல இருபத்தஞ்சு நாள் ஓடி, அஞ்சு கோடி வசூல் காட்டுச்சுனா எட்டு கோடி. நாளையோட இருபத்தஞ்சு. அடுத்த வாரம் ஓடிடியில வந்துரும். அப்புறம் அம்பதாவது நாள் போஸ்டர் எனக்கு எதுக்கு?"

ஒன்றேகால் கோடி போட்டு ஐந்து கோடி கூடுதலாக எடுக்கிறார். பட்டாசில் கூட இந்த லாபம் கிடையாது, சத்தமும் கிடையாது. சங்கிலிமுத்துவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஒருவிதப் பொறாமைதான்.

"ஓடிடிக்காரன் ஒரு ஆளக் கூட அனுப்பிச் சோதிக்க மாட்டானா?"

"அனுப்பாமலா? ஒரே ஆளு, பதினோரு தியேட்டரு, பைக்ல சுத்துறான். கெட்டிக்காரன். முதல் நாள் மட்டும் உள்ள போயிப் படம் பாத்தான், அன்னைக்கு நம்ம சொந்தக்காரகளக் கூட்டியாந்து உக்கார வச்சிருந்தோம். அதுக்கப்புறம் உள்ளயே போகலை. அந்தப் படத்த ரெண்டாவது தடவ பாக்க யாருக்கு முடியும்? நானே பாக்கலை." கணினியைத் திருப்பினார். "அவன் ஒரு சூத்திரம் வச்சிருக்கான். எனக்கும் ஒரு நகல் வருது, படிக்கிறேன் கேளுங்க. 'டிக்கெட் கணக்கு பொய் சொல்லலாம், கேண்டீன் பொய் சொல்லாது. கூட்டம் வந்தால்தான் முறுக்கு விற்கும்.' விருதுநகர் கனகமணியத்தேன் பெருசா எழுதியிருக்கான். 'மற்ற ஊர்களில் கேண்டீன்காரர்கள் சரியாகப் பதில் சொல்வதில்லை. இங்கே தினமும் விசாரித்தேன். வியாபாரம் நிறைவு. கூட்டம் உண்மை.' இருபத்து நாலு நாளும் நிறைவு, நிறைவு. பாலகுரு யாரையோ நல்லாத் தயார் பண்ணி வச்சிருக்கான் போல."

கட்டம்போட்ட சட்டையும் தோள்பையும் சங்கிலிமுத்துவின் கண்முன் வந்து நின்றன. தினத்தவணைக்காரன் என்று முடிவு கட்டிய தன்னுடைய மூளையை மனதுக்குள் இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டார்.

"யாரும் தயார் பண்ணலை முதலாளி" என்றாள் பாண்டிச்செல்வி. "அது நாந்தேன் சொன்னது."

சங்கரலிங்கம் முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

"கடைக்காரி விக்கலைனு சொல்லக் கூடாதுனு நிறைவுனு சொன்னேன். அவரு எதுக்குக் கேக்காருனு எனக்குத் தெரியாது. என் சொல்ல வச்சு உங்களுக்கு அஞ்சு கோடி வருது. எனக்கு நாப்பத்தெட்டாயிரம் போகுது."

"நாளைக்கும் அவரு வருவாருல்ல?" என்று ஓவியா மெதுவாகக் கேட்டாள். "மத்தியானம், டீ குடிக்க?"

இப்போது சங்கரலிங்கத்துக்கு வேர்த்தது. சங்கிலிமுத்து சாய்ந்து உட்கார்ந்தார்.

"எம்புட்டு வேணும்?" என்று மேஜை டிராயரை இழுத்தார் சங்கரலிங்கம்.

"சும்மா காசு வேணாம் முதலாளி. போர்டு நீங்க மாட்டினது, அந்தக் கூடுதல் வாடகைய நீங்களே தியேட்டருக்குக் கட்டிருங்க. எனக்கு வேண்டியது வியாபாரம். நாளைக்கு நாலு ஷோவுக்கும் சீட்டு வாங்கியிருக்கீகல்ல, அந்தச் சீட்டுல ஆளுகள உக்கார வைங்க."

"யாரு வந்து உக்காருவா?"

"உங்க நாலு யூனிட்டு ஆளுக. ஒரு யூனிட்டுக்கு ஒரு ஷோ. கம்பெனி வண்டியிலயே கூட்டிட்டு வாங்க."

"சீசன் நேரத்துல லீவா?" சங்கரலிங்கத்தின் குரல் உடைந்தது. ஐந்து கோடி ரூபாய்க்கு ஆளில்லாத நாற்காலி வாங்கியபோது கலங்காத மனிதர், ஒரு நாள் லீவு என்றதும் கண் கலங்கினார். "வடநாட்டு லோடு நிக்குது தாயி. ஒரு நாள்னா எம்புட்டு சரக்குனு தெரியுமா?"

"தெரியும். ஒரு ஆளுக்கு எம்புட்டுங்கிறதும் தெரியும், ஆறு வருசம் உங்க யூனிட்டுல வேலை பாத்திருக்கேன். இன்னொண்ணு. நாளைக்குச் சனிக்கிழமை, சம்பள நாளு. சம்பளத்தத் தியேட்டர் வாசல்ல வச்சுக் குடுங்க. வெறுங்கையோட வந்தா முறுக்கு யாரு வாங்குவா?"

ஓவியா சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க அலைந்து தான் கண்டுபிடித்ததைவிட இந்த ஒரு யோசனை பெரிது என்று அவருக்குத் தெரிந்தது.

"சரி" என்றார் சங்கரலிங்கம் கடைசியில். "நாளைக்கு அந்த ஆளு கேட்டா என்ன சொல்லுவ?"

"எப்பவும் சொல்றதத்தேன் முதலாளி."

*

சனிக்கிழமை கனகமணி தியேட்டரில் நடந்ததைப் படம் எடுத்தவர்கள் கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நாலு யூனிட் ஆட்களும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். உள்ளே, ஹரிஷ்குமார் காதலியின் சமாதியில் விழுந்து அழுத இடத்தில் நானூற்று எழுபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை நாளில், முதலாளி காசில், முதலாளி மகன் அழுவதைப் பார்க்கிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

காலைக் காட்சி இடைவேளையில் கூட்டம் நெருக்கியதில் கேண்டீன் கவுன்டரே நகர்ந்துவிட்டது. ஓவியா டீ ஊற்றினாள். சங்கிலிமுத்து சில்லறை கொடுத்தார். மருந்து ரூம் சிநேகிதிகள் இரண்டு பேர் கேட்காமலே உள்ளே வந்து முறுக்கைக் கட்டிக் கொடுத்தார்கள். பாண்டிச்செல்வி ஒரு நிமிஷம் கூட நிமிரவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சங்கிலிமுத்து ஐம்பது ரூபாய்க்கு நூறு ரூபாய் சில்லறை கொடுத்துவிட்டார்.

"சார், இது துப்பறியும் நிறுவனத்துக்கு முதல் நஷ்டம் இல்ல" என்றாள் ஓவியா. "ஆனா முதல்முறையா சந்தோஷமா நஷ்டப்படுறீக."

வாசலில் சங்கரலிங்கம் வெள்ளை வேட்டியில் நின்று, மாலை போட்ட 25வது நாள் போஸ்டருக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். பாலகுரு குடை பிடித்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு பைக் வந்து நின்றது. காலைக் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வழிந்துகொண்டிருந்தது. கட்டம்போட்ட சட்டைக்காரர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, ஒரு லட்டை வாங்கிக்கொண்டு, தள்ளுமுள்ளில் கவுன்டருக்கு வந்து சேர்ந்தார். டீயை நின்றபடியே வாங்கினார்.

"வியாபாரம் எப்படிம்மா?"

"நிறைவா இருக்குங்க."

அவர் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். பாண்டிச்செல்வி காலியாகிக் கிடந்த கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல், "இன்னைக்கு நெசமாவே" என்றாள்.

பேனா நின்றது.

"இன்னைக்கு நெசமாவேன்னா? அப்ப நேத்து?"

சங்கிலிமுத்துவின் கையில் இருந்த சில்லறை அப்படியே நின்றது. வாய்தவறி வந்துவிட்டதோ என்று அவளைப் பார்த்தார். பாண்டிச்செல்வி துணியை மடித்து ஓரமாக வைத்தாள். அவசரமே இல்லை அவள் கையில்.

"நேத்து கேட்டப்ப கடைக்காரியா பதில் சொன்னேன். அம்புட்டுத்தேன். நாள் கணக்கு நோட்டுல இருக்கு. படம் வந்த நாள்ல இருந்து எழுதி வச்சிருக்கேன். பாக்கீகளா?"

கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் நாள், முறுக்கு இருநூற்றுப் பத்து. இரண்டாம் நாள், பதினேழு. மூன்றாம் நாள், பதினைந்து.

வாசலில் சங்கரலிங்கம் அடுத்த போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றையும் செய்து முடித்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பாண்டிச்செல்வியும் சொன்ன சொல் தவறவில்லை. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். தோள்பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார்.

"இன்னொரு டீ குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இருபத்தைந்து நாளில் முதல்முறையாக உட்கார்ந்தார்.